நாலாவது மொழிக்குத் தலையில் இடம் இருக்கிறதா?

மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து, இப்போது நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் வேலை செய்யும் 26 வயதுத் தம்பி ஒருவர் நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், தோட்டம், ஹோட்டல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

வீட்டில் தமிழ். கடைவீதியிலும் ஹோட்டல் சமையலறையிலும் சிங்களம். விருந்தாளிகளோடு ஆங்கிலம். கொரியாவுக்கு வேலைக்குப் போவதற்கான பரீட்சைக்காக, எட்டு மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில் ஹட்டனுக்கு பஸ் ஏறிப் போய் கொரிய மொழி படிக்கிறார். ஜெர்மன்காரர்கள் நிறைய வருகிறார்கள் என்பதால் போனில் ஜெர்மனும் கொஞ்சம் தொடங்கியிருக்கிறார். “கொரியா கிடைக்காட்டி ஜப்பான்” என்று சொல்லி, கூட்டாளி ஒருவர் ஜப்பான் வகுப்புக்கும் இழுக்கிறார். இதற்கிடையில் அம்மாயி (அம்மாவின் அம்மா) தவறிவிட்டார். பதினாறாம் நாள் கருமாதியில், வந்தவர்களுக்கு நாலு வார்த்தை நன்றி சொல்லும்படி இவரை எழுப்பிவிட்டிருக்கிறார்கள். எழுந்து நின்றால் தமிழ் வரவில்லை. தொண்டைக்குச் சிங்களம் வந்தது, அதை விழுங்கினால் ஆங்கிலம் வந்தது. கடைசியில் மாமா எழுந்து முடித்துவைத்திருக்கிறார். “ஒரு பானைக்கு எவ்வளவு தண்ணிதான் பிடிக்கும், இவனுக்கு மூளை கலங்கிருச்சு” என்று சித்தி சொன்னது மனதில் தைத்துவிட்டது. அடுத்த ஞாயிறு வகுப்பில் ஆசிரியர் ஏதோ கேட்க, கொரிய மொழியில் சொல்ல வேண்டிய இடத்தில் “ஓவ்” (ஆமாம்) என்று சிங்களத்தில் பதில் சொல்லியிருக்கிறார். எல்லாரும் சிரித்தார்களாம்.

அவருடைய கேள்விகள்: மொழி படிக்க ஒரு எல்லை இருக்கிறதா? 26 வயது பிந்திவிட்டதா? சோறு போடாத தமிழை விட்டுவிட்டு மற்றதைப் பிடித்துக்கொள்ளலாமா? மூளை டாக்டரைப் பார்க்க வேண்டுமா? கூடவே, மூன்று லட்சம் கொடுத்தால் கொரியாவுக்கு “உள்ளால” அனுப்புகிறேன் என்று ஒருவர் சொல்வதையும் எழுதியிருக்கிறார்.

தம்பி, முதலில் கருமாதி வீட்டு விஷயத்தைப் பேசிவிடுவோம், மற்ற எல்லாக் கேள்வியும் அங்கிருந்துதான் கிளம்பியிருக்கிறது. உங்களை வளர்த்த அம்மாயி போய்ப் பதினாறே நாள். இரவு வேலை, அதற்கு மேல் பாடம், தூக்கம் நாலு ஐந்து மணி நேரம் என்று நீங்களே எழுதுகிறீர்கள். அந்த நிலையில் ஊர்ச் சனம் மொத்தமும் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க எழுந்து நின்றால், ஒரே ஒரு மொழி தெரிந்த ஆளுக்கும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். பேச்சுச் சிகிச்சைக்கு என்னிடம் வருகிறவர்களில் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். துக்கமும் தூக்கக் குறைவும் வார்த்தையைத்தான் முதலில் பிடிக்கும். உங்களுக்கு மூன்று மொழி தெரிந்திருந்ததால், ஒன்று வராத இடத்தில் இன்னொன்று முந்திக்கொண்டு வந்தது, அவ்வளவுதான். சித்தியைக் கோபிக்காதீர்கள், அவர் பயத்தில் சொன்னது.

இன்னொன்று. தமிழ் போய்விட்டது என்கிறீர்கள், அதையும் நாலு பக்கம் தமிழில்தான் எழுதியிருக்கிறீர்கள். இரண்டாம் பக்கத்தில், கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து அம்மாயி மிலாறு கட்டைத் தலையில் வைத்து இறங்கி வருவதை எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பந்தியை நான் இரண்டு தடவை வாசித்தேன். மிலாறு என்றால் கவ்வாத்தில் தேயிலைச் செடியிலிருந்து வெட்டி விழுகிற கிளை, விறகுக்கு எடுப்பது; அந்தச் சொல் மலையகத்துக்கு வெளியே முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. தமிழ் போனவனுக்கு அந்தச் சொல் அந்த இடத்தில் வந்து விழாது.

தலை பானை இல்லை

பானை உதாரணம்தான் இங்கே பிழை. பானையில் புதுத் தண்ணீர் ஊற்றினால் பழையது வழியும். மொழி அப்படிச் சேர்வதில்லை. புதுச் சொல் ஒன்று உள்ளே வந்தால் ஏற்கெனவே இருக்கிற சொல், வாசனை, முகம், இடம் எதையாவது பிடித்துக்கொண்டுதான் உட்காரும், கொடி பந்தலைப் பிடிப்பதுபோல. அதனால்தான் மூன்று மொழி தெரிந்தவருக்கு நாலாவதைத் தொடங்குவது கொஞ்சம் இலேசாக இருக்கிறது.

இத்தனை மொழிக்கு மேல் மனித மூளை தாங்காது என்று யாரும் ஓர் எண்ணைக் கண்டுபிடித்ததில்லை. கொலம்பியாவும் பிரேசிலும் சந்திக்கிற எல்லையில், அமேசன் காட்டுக்குள் வௌபேஸ் என்ற ஆற்றுப் பக்கம் வாழும் சில மக்களிடம் ஒரு வழக்கம் உண்டு: தன் மொழி பேசுகிறவரைக் கல்யாணம் செய்யக்கூடாது, அது அண்ணன் தங்கை முறை. ஆகவே அங்கே ஒரு பிள்ளைக்குத் தாய்க்கு ஒரு மொழி, தகப்பனுக்கு ஒரு மொழி, சித்திமாருக்கு வேறு மொழிகள். மூன்று நாலு மொழி பேசுவது அங்கே கெட்டிக்காரத்தனம் இல்லை, சாதாரண வாழ்க்கை. அவ்வளவு தூரம் ஏன், ஹட்டன் டவுனில் போஞ்சியும் கரட்டும் விற்கிற அக்காமார் ஒரே மூச்சில் தமிழில் விலை சொல்லி, சிங்களத்தில் பேரம் பேசி, வெள்ளைக்காரன் வந்தால் ஆங்கிலத்திலும் கணக்கு முடிப்பதை நீங்கள் பார்த்ததே இல்லையா? நாம் பேசுகிற தமிழிலேயே பாருங்கள், காலையில் வேலைக்குப் பேர் பதிகிற பிரட்டு ஆங்கிலத்திலிருந்து வந்தது, வரிசை வீடான லயம் ‘லைன்’ என்பதிலிருந்து, அறையைச் சொல்கிற காம்பரா போர்த்துக்கேயரிடமிருந்து. ஏழெட்டுத் தலைமுறையாகப் பல மொழிக்கு நடுவில் வாழ்ந்த சனம் நாம். யாருக்கும் மூளை கலங்கவில்லை.

எமில் கிரெப்ஸ் என்று ஒரு ஜெர்மன் அரச மொழிபெயர்ப்பாளர் இருந்தார், 1930 இல் இறந்தார், அறுபதுக்கு மேற்பட்ட மொழி தெரிந்தவர் என்று பேர் எடுத்தவர். அவருடைய மூளையைப் பாதுகாத்து வைத்திருந்து, பல காலம் கழித்து ஆராய்ந்து பார்த்தார்கள். பேச்சோடு தொடர்புள்ள பகுதியில் மற்றவர்களிலிருந்து சில வித்தியாசங்கள் தெரிந்தன. அது பிறப்பிலேயே வந்ததா, ஓயாமல் படித்ததால் வந்ததா என்பதை ஒரு மூளையை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் இப்படிப் பல மொழி தெரிந்தவர்களைக் கேட்டால் பலரும் சொல்கிற ஒரு விஷயம், எல்லா மொழியும் ஒரே நேரத்தில் நாக்கு நுனியில் நிற்பதில்லை. சிலது அடுப்பில் சூடாக இருக்கும், சிலது ஆறிப்போய் மூலையில் இருக்கும், தேவைப்பட்டால் சூடாக்க வேண்டும்.

மொழி கூடக்கூட மூளை பலப்படும், வயதானால் மறதி நோய் வராது என்று ஒரு வீடியோவில் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். பாதி உண்மை. ஹைதராபாத்தில் 648 மறதி நோயாளிகளைப் பார்த்து 2013 இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இருக்கிறது. இரண்டு மொழி பேசியவர்களுக்கு, ஒரு மொழி மட்டும் பேசியவர்களைவிட நோய் சுமார் நாலரை வருடம் பிந்தி வந்திருந்தது, பள்ளிக்கூடம் போகாதவர்களிலும் அந்த வித்தியாசம் இருந்தது. ஆனால் மூன்று, நாலு மொழி பேசியவர்களுக்கு அதற்கு மேல் கூடுதல் நன்மை எதுவும் தெரியவில்லை. எல்லா ஆய்வுகளும் இதை ஒத்துக்கொள்ளவும் இல்லை. ஆகவே மருந்து குடிக்கிற மாதிரி மொழியைச் சேர்க்காதீர்கள். உங்களுக்கு ஏற்கெனவே மூன்று இருக்கிறது, அந்த விஷயத்தில் அது போதும்.

எல்லை இருப்பது உங்கள் கிழமையில்

இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல நினைக்கிறேன். உங்கள் கடிதத்தில் இருந்த வேலை நேரத்தை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். ஆறு நாள் வேலை, பஸ்ஸில் போகிற நேரம், சமையல், துணி துவைப்பு, வீட்டுக்கு ஒரு போன், இதெல்லாம் போகத் தூக்கத்தைத் திருடாமல் உங்களுக்கு மிஞ்சுவது கிழமைக்குப் பத்து மணி நேரம், ஞாயிறு வகுப்பையும் சேர்த்து. அமெரிக்க வெளிவிவகாரத் திணைக்களம் தன் அதிகாரிகளுக்கு மொழி படிப்பிக்கிற அனுபவத்தில் ஒரு கணக்கு வைத்திருக்கிறது: ஆங்கிலம் தாய்மொழியான ஒருவர் கொரிய மொழியில் உத்தியோகம் பார்க்கிற அளவு தேற 2200 வகுப்பு மணி நேரம், ஜப்பான் மொழிக்கும் அதே அளவு. நமது தமிழுக்கும் சிங்களத்துக்கும் 1100. உங்களுக்கு அவ்வளவு உயரம் தேவையில்லை, வேலைப் பரீட்சைக்கு அதில் ஒரு பங்குதான் வேண்டும். ஆனாலும் பத்து மணி நேரத்தைக் கொரியம், ஜப்பான், ஜெர்மன் என்று மூன்றாகப் பிரித்தால் ஒன்றுக்கு மூன்று மணி நேரம். ஒரு கிழமை படித்ததை அடுத்த கிழமை வருவதற்குள் பாதி மறந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கி, ஒரு வருடம் ஓடிய பிறகு மூன்றிலும் “சாப்பிட்டீங்களா, சுகமா” என்ற இடத்திலேயே நிற்பீர்கள்.

அதோடு, மொழிக்கு ஆள் வேண்டும். சிங்களம் உங்களிடம் ஏன் இவ்வளவு நன்றாக இருக்கிறது? சமையலறையில் தினமும் எட்டு மணி நேரம் அந்த மொழியில் திட்டு வாங்கி, பதில் சொல்லி, சிரித்துப் பழகியதால். புத்தகம் எடுத்துப் படித்தா வந்தது? பேச ஆளில்லாத மொழி தலையில் எவ்வளவு இடம் இருந்தாலும் தங்காது.

ஆகவே ஜப்பான் வகுப்பு இப்போது வேண்டாம். ஜெர்மனில் வரவேற்கவும் வழி சொல்லவும் ஒரு முப்பது வாக்கியம் வேலைக்கு உதவும், அதோடு நிறுத்துங்கள். கொரியப் பரீட்சை முடிந்து, முடிவு எதுவாக இருந்தாலும், அப்புறம் ஜப்பானைப் பற்றி யோசிக்கலாம்.

கொரிய வகுப்பில் சிங்களம் ஏன் வந்தது

வளர்ந்த பிறகு ஒரு மொழி படிக்கும்போது நாக்கைத் தேடி வருவது பல நேரம் தாய்மொழி இல்லை, அதற்குப் பிறகு கற்றுக்கொண்ட மொழிதான். மூளை “இது வீட்டு மொழி இல்லை” என்று தமிழை மூடிவைக்கிறது, மூடாத கதவு வழியாகச் சிங்களம் எட்டிப் பார்க்கிறது. உலகம் முழுக்க மூன்றாவது மொழி படிக்கிற பலருக்கும் இது நடக்கிறது. உங்களுக்கு இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது. கொரிய மொழியில் “நே” என்றால் ஆமாம். சிங்களக் காதுக்கு அதே மாதிரி ஒலிக்கிற சொல் “இல்லை”. ஆமாம் சொல்லப் போய் இல்லை சொன்னதுபோல உங்கள் வாய்க்கே ஒரு தயக்கம் வந்திருக்கும், அதிலிருந்து தப்பிக்க “ஓவ்” வந்து விழுந்திருக்கிறது. சிரித்தவர்களுக்கும் ஒரு நாள் வரும். பழகப் பழகக் குறைந்துவிடும். வகுப்புக்கு முன்னால் கால் மணி நேரம் பஸ்ஸில் கொரியப் பேச்சை மட்டும் காதில் கேட்டுக்கொண்டு போங்கள், கதவு மாறித் திறப்பது குறையும்.

நல்ல பக்கத்தையும் பாருங்கள். “ஹக்யோஏ கயோ” என்பதை வகுப்பில் படித்திருப்பீர்கள். ஹக்யோ பள்ளிக்கூடம், பின்னால் ஒட்டுகிற ஏ நமது ‘க்கு’, கடைசியில் போகிறேன். சிங்களத்திலும் “இஸ்கோலேட்ட யனவா”, அதே வரிசை. ஆங்கிலம்தான் தலைகீழ். வெள்ளைக்காரர்கள் மாதக்கணக்கில் தடுமாறுகிற இந்த வாக்கிய அமைப்பு உங்களுக்குப் பிறந்ததிலிருந்து இருக்கிறது. எழுத்தும் அப்படியே: கொரிய எழுத்தில் மெய்யும் உயிரும் ஒரே கட்டத்துக்குள் சேர்ந்து நிற்பது நம் உயிர்மெய்க்குத் தூரமில்லை. நம் ‘ப’ பல் என்னும்போது ஒரு மாதிரியும் அன்பு என்னும்போது ஒரு மாதிரியும் ஒலிப்பதுபோல, அவர்களுடைய சில எழுத்துகளும் சொல்லின் முதலில் ஒன்று, நடுவில் ஒன்று. இதை வைத்து இரண்டும் ஒரே குடும்பம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. உங்களுக்குக் கஷ்டம் வருவது காதில்தான்: அவர்கள் சாதாரணமாக, அழுத்தி, மூச்சு விட்டு என்று மூன்று விதமாகப் பிரிக்கிற க, த, ப ஒலிகள் நமக்கு ஒன்றாகவே கேட்கும். பரீட்சை முக்கியமாக வாசிப்பும் கேட்டலும் என்பதால், மிஞ்சிய நேரத்தில் பாதியையாவது கேட்பதற்குக் கொடுங்கள்.

வயதைப் பற்றி: ஆறு லட்சத்து அறுபதாயிரத்துக்கும் அதிகமானவர்களை இணையத்தில் சோதித்து 2018 இல் வந்த ஓர் ஆய்வில், இலக்கணத்தைச் சட்டென்று பிடிக்கிற திறன் பதினேழு பதினெட்டு வயதுக்குப் பிறகு இறங்கத் தொடங்குகிறது என்று கண்டார்கள். அது அந்த மொழியிலேயே பிறந்தவர் மாதிரி ஆவதைப் பற்றியது. பரீட்சை பாஸாகி, தொழிற்சாலையில் மேலாளர் சொல்வது புரிந்து, சம்பளத்தைக் கேட்டு வாங்குகிற அளவுக்கு 26 ஒரு வயதே இல்லை. அந்த வேலைத் திட்டத்துக்கே 39 வயது வரை எடுக்கிறார்கள்.

தமிழை விட்டுவிடலாமா?

வேண்டாம் தம்பி. இதில் நான் கண்டிப்பாகவே சொல்கிறேன். முதல் காரணம், விட்டாலும் கொரிய மொழிக்கு ஓர் அங்குல இடம்கூடக் கூடுதலாகக் கிடைக்காது. இரண்டாவது, சோறு போடாது என்பதும் சரியில்லை. 1956 இல் சிங்களம் மட்டும் என்று சட்டம் வந்தது உண்மை, அதில் நம் சனம் பட்டதும் உண்மை. ஆனால் 1987 இன் 13 ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழி. அரச அலுவலகத்துக்குத் தமிழில் எழுதி, தமிழிலேயே பதில் வாங்குகிற உரிமை அரசியலமைப்பில் இருக்கிறது. பிரதேச செயலகத்தில் சிங்களப் படிவத்தை நிரப்பத் தெரிந்தும் கூச்சப்பட்டு நின்றதாக எழுதியிருக்கிறீர்கள். தமிழ்ப் படிவம் கேளுங்கள், அது சலுகை இல்லை. நடைமுறையில் பல இடத்தில் இழுத்தடிப்பார்கள், அதுவும் எனக்குத் தெரியும். கேட்காவிட்டால் இல்லாமலே போய்விடும்.

2007 ஜூலைக்குப் பிறகு அரச சேவையில் சேர்ந்தவர்கள் மற்ற அரசகரும மொழியிலும் தேற வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. சிங்கள உத்தியோகத்தர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க இரண்டு மொழியிலும் புழங்குகிற ஆள் வேண்டும். நீதிமன்றங்களுக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். பிறப்புச் சான்றிதழை மொழிபெயர்த்துத் தருகிற சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளருக்கு நீங்களே காசு கொடுத்தீர்களே, அந்த வேலையில் புழங்குகிற மூன்று மொழியும் உங்களிடம் இருக்கிறது. கொரியா சரிவராவிட்டால் ஜப்பான் ஒன்றுதான் வழி என்று ஏன் நினைக்க வேண்டும்?

ஆனால் உங்கள் பயத்தில் ஓர் உண்மையும் இருக்கிறது. உங்கள் தமிழ் வீட்டுக்கும் கூட்டாளிகளுக்கும் மட்டும் என்று சுருங்கிவிட்டது. கணக்கு ஆங்கிலத்தில், வேலை சிங்களத்தில். சபையில் எழுந்து நின்று பேசுகிற தமிழ் தனி, அதைப் பள்ளிக்கூடம் விட்ட பிறகு நீங்கள் பாவிக்கவே இல்லை. பாவிக்காத கத்தி துருப்பிடிக்கும், தீட்டினால் வெட்டும். தினம் பத்து நிமிடம் தமிழில் ஏதாவது சத்தமாக வாசியுங்கள், கிழமைக்கு ஒரு தடவை அரைப் பக்கம் எழுதுங்கள்.

மூன்று லட்சம் கேட்பவர்

கொடுக்காதீர்கள். கொரிய வேலைத் திட்டம் இரண்டு அரசாங்கங்களுக்கு நடுவில் நடப்பது, இங்கே வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் வழியாக மட்டும்தான். தரகருக்கு அதில் இடமே இல்லை. பரீட்சையை எழுதித் தருகிறேன், பட்டியலில் பேரைப் போடுகிறேன் என்று யார் சொன்னாலும் அது மோசடி. ஏற்கெனவே முற்பணம் கொடுத்திருந்தால் ரசீது, போன் செய்திகள் எல்லாவற்றையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு பணியகத்தில் முறைப்பாடு செய்யுங்கள், கடவுச்சீட்டை மட்டும் யார் கையிலும் விடாதீர்கள்.

டாக்டரிடம் எப்போது போக வேண்டும்

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் மூளை டாக்டர் தேவையில்லை. ஒரு மொழியில் தடுமாறி இன்னொரு மொழியில் சரளமாக வருவது நோய் இல்லை. எல்லா மொழியிலும் சேர்ந்தாற்போல் தெரிந்த பொருளின் பேர் வராமல் போவது, தலையில் அடிபட்ட பிறகு பேச்சு மாறுவது, மற்றவர் பேசுவது புரியாமல் போவது இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். திடீரென்று வாய் கோணி, கை தளர்ந்து, பேச்சு குழறினால், யாருக்காக இருந்தாலும் ஒரு நிமிடமும் காத்திருக்காமல் 1990 என்ற இலக்கத்துக்குப் போன் செய்து அம்பியுலன்ஸைக் கூப்பிடுங்கள், அதற்குக் காசு இல்லை.

தூக்கத்தை மட்டும் சரிசெய்யுங்கள். பகலில் படித்த சொல்லை மூளை அடுக்கி வைப்பது தூக்கத்தில்தான். இரவு ஒரு மணி வரை விழித்துப் படிக்கிற நாற்பது சொல்லில் பத்தும் தங்காது. ஒரு மாதம் கழித்தும் அம்மாயி நினைவில் சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள், அது வேறு பேச்சு.

அடுத்த லீவுக்கு வீட்டுக்குப் போகும்போது, அன்று கருமாதியில் சொல்ல வராததை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அம்மாவையும் சித்தியையும் உட்காரவைத்து வாசித்துக் காட்டுங்கள். மிலாறு கட்டு வருகிற அந்தப் பந்தியை விட்டுவிடாதீர்கள்.